மதர்போர்டோடு தங்குமா, உங்களோடு வருமா?

கணினி கேள்வி-பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. புதுக் கணினி வாங்குவோரும் பழையதைப் புதுப்பிப்போரும் இப்போது அதிகம் கேட்பது உரிமம் பற்றித்தான். அந்தக் கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கே: கட்டடக்கலை படிக்கும் மகளுக்காக அசெம்பிள்டு கணினி ஒன்றுக்குக் கொட்டேஷன் வாங்கினேன். விண்டோஸ் 11 ஹோமுக்கு இரண்டு விலை போட்டிருக்கிறார்கள். ஒன்று ஓ.இ.எம்., இன்னொன்று ரீடெய்ல். இரண்டாவது கணிசமாகக் கூடுதல். கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்கிறார் கடைக்காரர். ஒன்றுதான் என்றால் விலை ஏன் இரண்டு?
- அரசு ஊழியர், மதுரை

ப: கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. கணினியில் ஏறுகிற மென்பொருள் ஒன்றேதான். வேகத்திலோ வசதியிலோ மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்களிலோ ஒரு குறையும் இருக்காது. வேறுபடுவது, அதை எங்கே, எத்தனை காலம் வைத்துக்கொள்ளலாம் என்கிற அனுமதி.

ஓ.இ.எம். உரிமம் கணினி தயாரித்து விற்பவர்களுக்கானது. அதில் இரண்டு கிளை உண்டு. பெரிய நிறுவனங்கள் லேப்டாப்பில் ஏற்றியே அனுப்புவது ஒன்று. உங்கள் கடைக்காரரைப் போல அசெம்பிள் செய்து விற்பவர்கள் வாங்கிப் போட்டுக் கொடுக்கும் ‘சிஸ்டம் பில்டர்’ பேக் மற்றொன்று. இரண்டுமே முதலில் எந்தக் கணினியில் ஏறியதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். ரீடெய்ல் உரிமம் வாங்கியவருக்குச் சொந்தம். பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு கணினிதான், ஆனால் எத்தனை முறை மாற்றினாலும் தடையில்லை. வீடு மாறும்போது பீரோவை வண்டியில் ஏற்றிக்கொள்வோம், சுவரில் கட்டிய அலமாரியை விட்டுவிட்டுத்தான் வருவோம். கொட்டேஷனில் உள்ள இரண்டு வரிகளுக்கும் இடையே இருப்பது இந்த வேறுபாடுதான்.

இன்னொன்றும் உண்டு. ரீடெய்ல் வாங்கியவர் சிக்கல் வந்தால் மைக்ரோசாஃப்டையே கேட்கலாம். ஓ.இ.எம். என்றால் உதவி செய்ய வேண்டியவர் கணினியை விற்றவர். விலை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம், உரிமத்தை எடுத்துச் செல்லும் வசதிக்கான விலை. அந்த வசதி உங்களுக்கு உதவுமா என்பதற்கு மதர்போர்டைப் பாருங்கள். மகள் ஐந்தாண்டுப் படிப்பு முடியும்வரை இதே கணினியில் ராம் கூட்டுவார், கிராஃபிக்ஸ் கார்டு மாற்றுவார், எஸ்.எஸ்.டி. சேர்ப்பார் என்றால் ஓ.இ.எம். போதும், அவற்றுக்கெல்லாம் தடையில்லை. நடுவில் புதுத் தலைமுறை பிராசஸர் போடும் எண்ணம் இருந்தால், அதற்குப் பெரும்பாலும் மதர்போர்டையும் மாற்ற நேரும். அப்போது ஓ.இ.எம். உரிமம் அங்கேயே முடிந்துபோகும். அந்தத் திட்டம் இருந்தால் ரீடெய்லே வாங்குங்கள்.

கே: வாரண்டி காலத்திலேயே மதர்போர்டு எரிந்துபோனால் விண்டோஸும் போச்சா?
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ப: இல்லை. பழுதுக்காக மாற்றுவது வேறு, மேம்படுத்த மாற்றுவது வேறு. பழுதான போர்டுக்குப் பதிலாக அதே மாடலோ, தயாரிப்பாளர் அதற்கு ஈடாகத் தரும் போர்டோ வந்தால் ஓ.இ.எம். உரிமம் தொடரும். அதற்காகவே கடையில் தரும் சர்வீஸ் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆக்டிவேஷன் தகராறு செய்தால் காட்டுவதற்கு அது வேண்டும்.

இவ்வளவு உதிரிபாகங்கள் இருக்க மதர்போர்டை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்றால், மைக்ரோசாஃப்ட் சொல்லும் காரணம் நேரடியானது. ஓ.இ.எம். உரிமம் பயனருக்கும் கணினியை விற்றவருக்கும் இடையிலான ஒப்பந்தம். விற்றவர் தான் விற்ற கணினிக்கு மட்டும்தான் பொறுப்பேற்பார். எல்லாப் பாகத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிவிட்டால் அது அவர் விற்ற கணினிதானா? ஏதாவது ஒரு பாகத்தை அடையாளமாகக் கொள்ள வேண்டும். அது மதர்போர்டு என்று முடிவு செய்தார்கள். ஹார்ட் டிஸ்க் போனாலும் கேபினெட் மாறினாலும் கவலை இல்லாதது அதனால்தான்.

கே: பாகங்களை வாங்கி நானே அசெம்பிள் செய்வது என் பொழுதுபோக்கு. அப்படியானால் நானும் சிஸ்டம் பில்டர்தானே? மலிவான பேக்கை நானே வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாதா?
- வங்கி அதிகாரி, சேலம்

ப: திருப்புளியைப் பிடிப்பதால் மட்டும் ஒருவர் சிஸ்டம் பில்டர் ஆகிவிடுவதில்லை. அந்தப் பேக்கோடு வரும் ஒப்பந்தம் கணினியைச் செய்து இன்னொருவருக்கு விற்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. மென்பொருளை முன்கூட்டியே ஏற்ற வேண்டும், சான்று ஸ்டிக்கரைக் கேபினெட்டில் ஒட்ட வேண்டும், வாங்கியவருக்கு உதவி செய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும். பிரிக்காத பேக்கைத் தனியாக இன்னொரு சிஸ்டம் பில்டருக்கு விற்கலாமே தவிர, பொதுமக்களுக்கு விற்கக் கூடாது.

இந்தக் கட்டுப்பாடு காலத்துக்குக் காலம் தளர்ந்தும் இறுகியும் வந்திருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி நாட்களில் ஏதாவது ஒரு வன்பொருளோடு சேர்த்து ஓ.இ.எம். சி.டி.யை விற்கலாம் என்று ஒரு வழி இருந்தது. 2005-இல் அதை அடைத்து, முழுக் கணினியோடுதான் விற்க வேண்டும் என்றார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது கடைப் பேக்குகள் பழைய விண்டோஸை மேம்படுத்த மட்டுமே என்றிருந்ததால், உங்களைப் போலச் சொந்தமாகச் செய்துகொள்பவர்களுக்கென்று சிஸ்டம் பில்டர் பேக்கிலேயே ‘தனிப்பட்ட உபயோக உரிமம்’ சேர்த்தார்கள். அது விண்டோஸ் 8-ஐ ஒட்டிய ஏற்பாடு. அதைக் காட்டி விண்டோஸ் 11-க்கு உரிமை கோர முடியாது.

நடைமுறையில் சிஸ்டம் பில்டர் கீயை வீட்டில் போட்டால் ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் ஆக்டிவேட் ஆவது உரிமம் இருப்பதற்குச் சான்று ஆகாது. மேலும், போர்டு மாற்றிக்கொண்டே இருப்பது உங்கள் பொழுதுபோக்கு. ரீடெய்ல் யாருக்காவது லாபம் என்றால் அது உங்களுக்குத்தான்.

கே: 2016-இல் வாங்கிய விண்டோஸ் 10 ரீடெய்ல் பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று திரையில் வருகிறது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

ப: அம்மா, அவசரப்பட வேண்டாம். தகுதியில்லாதது கணினி; உரிமம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட், ஏறக்குறைய இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர். 2016-இல் வாங்கிய கணினி அந்த வரம்புக்குள் வராது. ஆனால் ரீடெய்ல் உரிமத்தை அதிலிருந்து கழற்றி, புதிதாக வாங்கும் அசெம்பிள்டு கணினியில் போட்டுக்கொள்ளலாம். தகுதியான கணினியில் விண்டோஸ் 10-லிருந்து 11-க்குப் போவது இலவசம். ஆக, ஒன்பது பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த பணம் புதுக் கணினிக்கும் உதவுகிறது. அப்போது ஓ.இ.எம். வாங்கியிருந்தால் பழைய கணினியோடு உரிமமும் முடிந்திருக்கும்.

செய்ய வேண்டிய முறை: முதலில் பழைய கணினியில் அமைப்புகளுக்குள் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய், உரிமத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துக்கொள்ளுங்கள். இந்த வசதி 2016 ஆகஸ்டில் வந்த அப்டேட்டிலிருந்து இருக்கிறது. புதுக் கணினியில் அதே கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் டிரபிள்ஷூட்டரில் ‘இந்தக் கருவியின் வன்பொருளை அண்மையில் மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியில் உள்ள 25 எழுத்துக் கீயை நேரடியாக அடித்தும் பார்க்கலாம். பழைய கணினியில் அதே உரிமத்தைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

விண்டோஸ் 7, 8 பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அந்தக் கீகளைக் கொண்டு 10-ஐயோ 11-ஐயோ புதிதாக ஆக்டிவேட் செய்யும் வழியை 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது.

கே: என் கணினியில் இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பில் தொலைந்துவிட்டது.
- இல்லத்தரசி, திருநெல்வேலி

ப: விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். ஓர் இடம் விட்டு, முன்புறம் சாய்ந்த கோடு போட்டு, டி, எல், ஐ அடித்து என்டர் தட்டுங்கள். சில நொடிகளில் வரும் சன்னலில் ‘சேனல்’ என்ற சொல்லுக்கு முன்னால் ரீடெய்ல், ஓ.இ.எம்., வால்யூம் ஆகியவற்றில் ஒன்று இருக்கும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 7 அல்லது 8-லிருந்து இலவசமாக 10-க்கு மாறிய கணினிகள் இந்தச் சன்னலில் ரீடெய்ல் என்றே காட்டக்கூடும். ஆனால் மேம்படுத்திய விண்டோஸுக்கு மூல உரிமத்தின் குணமே தொடரும். முதலில் ஓ.இ.எம். ஆக இருந்தது, திரை என்ன சொன்னாலும் ஓ.இ.எம்.தான்.

வீட்டுக் கணினியில் ‘வால்யூம்’ என்று வந்தால் கடைக்காரரிடம் விளக்கம் கேளுங்கள். அது நிறுவனங்களுக்குக் கொடுக்கப்படும் வகை. உங்கள் வீட்டுக்கு அது நேர்வழியில் வந்திருக்க வாய்ப்பில்லை.

கே: இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு ‘ஒரிஜினல் ப்ரோ கீ’ கிடைக்கிறது. நண்பர் வாங்கினார், ஆக்டிவேட்டும் ஆகிவிட்டது. ஐரோப்பாவில் நீதிமன்றமே அனுமதித்துவிட்டது என்கிறார். உண்மையா?
- மென்பொருள் பொறியாளர், கோவை

ப: அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் தானே விண்டோஸ் 11 ஹோமை 139 டாலருக்கும் ப்ரோவை 199 டாலருக்கும் விற்கிறது. அதை இன்னொருவர் சில நூறு ரூபாய்க்குத் தருகிறார் என்றால், அவர் தருவது வேறு ஏதோ என்று பொருள். ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்த, பல கணினிகளில் போடக்கூடிய வால்யூம் கீ கசிந்திருக்கலாம். மென்பொருள் உருவாக்குவோருக்குச் சோதனைக்காகத் தரும் கீயாக இருக்கலாம். உடைசலுக்குப் போன கணினியின் ஸ்டிக்கரிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். எல்லாமே ஆக்டிவேட் ஆகும். வால்யூம் கீக்கு இத்தனை முறைதான் என்ற கணக்கு உண்டு. அது தீர்ந்தாலோ, கசிவைக் கண்டுபிடித்து மைக்ரோசாஃப்ட் முடக்கினாலோ உங்கள் நண்பரின் திரையில் மறுபடியும் எச்சரிக்கை வரும். அன்று விற்றவரின் கடை அந்தத் தளத்தில் இருக்காது.

ஐரோப்பியக் கதையில் உண்மை இருக்கிறது. 2000 ஜூலையில் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம், ஓ.இ.எம். பேக்கை முறையாக ஒருமுறை விற்றுவிட்டால், கணினியோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனை அடுத்தடுத்துக் கைமாற்றும் வணிகரைக் கட்டுப்படுத்தாது என்றது. 2012 ஜூலை 3-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில், நிரந்தர உரிமத்தோடு வாங்கிய மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என்றது. அதோடு ஒரு நிபந்தனையும் சொன்னது: விற்பவர் தன்னிடமுள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்திருக்க வேண்டும். அந்தத் தீர்ப்புகள் அந்த ஊர்ச் சட்டத்தைப் பற்றியவை, இந்திய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாதவை. ஒரே கீயை நூறு பேருக்கு விற்பதை அந்த ஊரிலும் எந்த நீதிமன்றமும் அனுமதிக்கவில்லை.

ஓ.இ.எம்.-ஆ ரீடெய்லா என்பது இரண்டு நேர்வழிகளில் எது சிக்கனம் என்ற கேள்வி. இந்தக் கீ அந்த இரண்டிலும் சேராது.

கே: ஆக்டிவேட் செய்யாமலே விண்டோஸ் ஓடுகிறதே! மூலையில் ஒரு வரி மட்டும் தெரிகிறது. அப்படியே விட்டால் என்ன?
- பெயர் வேண்டாம், திருச்சி

ப: ஓடும். ஆனால் அமைப்புகளுக்குள் போய்த் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது. உரிமம் இல்லாமல் பயன்படுத்துகிறீர்கள் என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பதில் உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கே: விண்டோஸ் இல்லாமல் ‘டாஸ்’ என்று போட்டு விற்கும் லேப்டாப் விலை குறைவாக இருக்கிறது. அதை வாங்கி, மலிவான ஓ.இ.எம். பேக் போட்டுக்கொண்டால் மிச்சம்தானே?
- கடை உரிமையாளர், விருதுநகர்

ப: மிச்சம் வராது. பெரிய தயாரிப்பாளர்கள் உரிமத்தை மொத்தமாக வாங்குவதால் விண்டோஸோடு வரும் லேப்டாப்புக்கும் டாஸ் லேப்டாப்புக்கும் உள்ள வித்தியாசம், தனியாக ஒரு ரீடெய்ல் வாங்கும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். சிஸ்டம் பில்டர் பேக்கும் விற்று முடிந்த லேப்டாப்புக்கானது அல்ல. நீங்கள் லினக்ஸ் போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் டாஸ் லேப்டாப் லாபம். உபுண்டு, மிண்ட், நம் நாட்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் எல்லாம் கட்டணமில்லாதவை. கடைக் கணக்கை டேலியில் போடுகிறீர்கள் என்றால் அதற்கு விண்டோஸ் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கே: பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். அலுவலகத்தில் பதினைந்து அசெம்பிள்டு கணினிகள். முன்பு போட்டுக் கொடுத்த சர்வீஸ் ஆள் எல்லாவற்றிலும் ஒரே விண்டோஸை ஏற்றிவிட்டார் என்று இப்போதுதான் தெரிகிறது. வால்யூம் லைசென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?
- திருப்பூர்

ப: பலர் சறுக்குவது இங்கேதான். விண்டோஸ் வால்யூம் லைசென்ஸ் மேம்படுத்தும் உரிமம் மட்டுமே. ஒவ்வொரு கணினியிலும் தகுதியான அடிப்படை உரிமம், அதாவது ஓ.இ.எம். அல்லது ரீடெய்ல், ஏற்கெனவே இருக்க வேண்டும். அடிப்படை இல்லாத கணினிமேல் வால்யூம் போட்டால் பணமும் போகும், குறையும் தீராது.

ஏற்கெனவே வாங்கிய, உரிமமில்லாத கணினிகளை முறைப்படுத்த ‘கெட் ஜென்யூன் விண்டோஸ் அக்ரிமென்ட்’ என்ற ஏற்பாடு நிறுவனங்களுக்கென்றே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அங்கீகரித்த விற்பனையாளரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அதோடு, விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத கணினிகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். ஆயுள் முடியப்போகும் கணினிக்கு உரிமம் வாங்கிப் பயனில்லை. அவற்றுக்குப் பதிலாக ப்ரோ ஏற்றியே வரும் புதுக் கணினி வாங்குவது மேல். ஹோம் வேண்டாம். டொமைனில் சேர்ப்பது, குரூப் பாலிசி, வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைவது எல்லாம் ப்ரோவில்தான் முடியும்.

தள்ளிப்போடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவு, உரிமத்தை மீறிய பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதைக் குற்றமாக வைத்திருக்கிறது. ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வணிக நோக்கம் இல்லாதவர்களிடம் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்க அந்தப் பிரிவே இடம் தருகிறது. நிறுவனம் நடத்தும் உங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

கே: செகண்ட் ஹேண்ட் கணினி வாங்கினால் விண்டோஸும் சேர்ந்து வருமா?
- போட்டித் தேர்வு மாணவி, வேலூர்

ப: ஓ.இ.எம். உரிமம் கணினியோடு வரும். அதுதான் அதன் இயல்பு. 2012-க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் கீயைப் போர்டிலேயே பதித்து அனுப்புகின்றன. அதே பதிப்பைப் போட்டால், ஃபார்மட் செய்தாலும் கீ கேட்காமல் ஆக்டிவேட் ஆகும். அசெம்பிள்டு கணினி என்றால் கேபினெட்டில் ஸ்டிக்கர் இருக்கிறதா, போர்டு மாற்றியதா என்று விசாரியுங்கள். ரீடெய்ல் என்றால் விற்பவர் கீ உள்ள அட்டையையும் கையில் தர வேண்டும்.

கே: கடையில் பணம் கட்டும் முன் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
- பலர்

ப: பில்லில் வெறும் ‘விண்டோஸ் 11’ என்று இருந்தால் ஏற்காதீர்கள். ஹோமா ப்ரோவா, ஓ.இ.எம்.-ஆ ரீடெய்லா என்பது தனி வரியாக, தனி விலையோடு எழுதப்பட வேண்டும். ‘அசெம்பிள்டு சிஸ்டம், ஒன்று’ என்று மொத்தமாகப் போட்டால் நாளைக்கு எதையும் நிரூபிக்க முடியாது. ஓ.இ.எம். வாங்கினால் சான்று ஸ்டிக்கர் கேபினெட்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், பில்லில் மதர்போர்டின் மாடல் இருக்க வேண்டும். ரீடெய்ல் வாங்கினால் சீல் பிரிக்காத பெட்டி உங்கள் கைக்கு வர வேண்டும், அல்லது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் வாங்கியதாகப் பதிவாக வேண்டும். கடைக்காரர் தன் கணக்கில் பதிவு செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நிறுவனம் என்றால் பில் நிறுவனத்தின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் இருக்கட்டும்.

இவ்வளவையும் எழுதித் தரத் தயங்காத கடையில், ஓ.இ.எம்., ரீடெய்ல் இரண்டில் எதை வாங்கினாலும் நீங்கள் ஏமாறவில்லை. எழுதித் தர மறுத்தால் விண்டோஸ் வரியை அடித்துவிட்டுக் கணினியை மட்டும் வாங்குங்கள்; உரிமத்தை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.